யாருடையது, எது: கணினி வியூக விளையாட்டுகளில் நிறமும் தெரிதலும்

முன்னுரை

ஆட்டக்காரர் ஒருவர் வானிலிருந்து நிலத்தை நோக்குவதுபோல நோக்கி, தம் குடிகளையும் படைகளையும் ஏவி, பகைவரை வெல்ல முயலும் விளையாட்டைக் கணினி வியூக விளையாட்டு என்கிறோம். டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில் இயங்கிய என்செம்பிள் ஸ்டுடியோஸ் நிறுவனம் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: தி ஏஜ் ஆஃப் கிங்ஸ்’ இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. ஒரே களத்தில் எட்டுப் பேர் ஆடலாம்; ஒவ்வொருவரும் 200 ஆட்கள் வரை வைத்துக்கொள்ளலாம். ஆக, களத்தில் 1,600 உருவங்கள் வரை இயங்கக்கூடும். எல்லாம் ஒரே நேரத்தில் திரைக்குள் வாரா என்றாலும், ஒரு பெரும்போரில் நூற்றுக்கு மேற்பட்டவை ஒன்றோடொன்று கலந்து நிற்கும். ஒவ்வோர் உருவமும் சில பத்துப் படப்புள்ளிகள் உயரமே உடையது. அவற்றுள் தன் ஆள் யார், பகைவன் ஆள் யார், அவன் வில்லாளா, வேலாளா, குதிரைவீரனா என்பதை ஆட்டக்காரர் நொடிப்பொழுதில் அறிய வேண்டும். அறியத் தவறினால் ஆட்டம் கைநழுவும்.

இந்த அறிதலை வடிவமைப்பாளர் காட்சித்தெளிவு என்பர். தமிழில் அதற்குத் ‘தெரிதல்’ என்ற சொல்லே போதும். ஏன் போதும் என்பதற்கான காரணம் தொல்காப்பியத்தில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு முதல் இவ்விளையாட்டில் தமிழ்ப்படை ஒன்றும் களமிறங்கியுள்ளது. ஆகவே நிறம் யாருக்கு, எதற்காக ஒதுக்கப்படுகிறது என்ற வினா தமிழாய்வுக்கும் உரியதாகிறது. அவ்வினாவை விளையாட்டின் உள்ளமைப்பிலிருந்து தொடங்கிப் புறத்திணை மரபு வரை கொண்டுசெல்வது இக்கட்டுரையின் நோக்கம்.

கண் முதலில் காண்பது

காட்சி உணர்வு பற்றிய இருபதாம் நூற்றாண்டு ஆய்வில் நியூ ஜெர்சிக்குத் தனியிடம் உண்டு. அங்கு மரே ஹில் என்னுமிடத்திலிருந்த பெல் ஆய்வகத்தில் பேலா யூலெஸ், பொருளே இல்லாத வெறும் புள்ளிக்கோலங்களைக் கொண்டு, கண் தன் கவனத்தைச் செலுத்தும் முன்பே எவற்றைப் பிரித்தறிகிறது என்று ஆராய்ந்தார். ஆன் டிரீஸ்மன் 1980ஆம் ஆண்டு கேரி கெலேடுடன் சேர்ந்து ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். பின்னர்க் கலிபோர்னியாவின் பெர்க்லியிலும் நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியவர் அவர். அவர்தம் முடிபை எளிமையாகச் சொல்லலாம். நீல எழுத்துகளுக்கிடையே ஒரே ஒரு சிவப்பெழுத்து இருந்தால், சுற்றியிருப்பவை ஐந்தாயினும் ஐம்பதாயினும் அது தானாகவே கண்ணில் பாய்கிறது. ஆனால் தேடப்படுவது நிறம், வடிவம் ஆகிய இரண்டின் சேர்க்கையாக இருந்தால் அவ்வாறு பாய்வதில்லை. கண் ஒவ்வொன்றாகச் சென்று பார்க்க நேர்கிறது. கூட்டம் பெருகப் பெருகக் காலமும் பெருகுகிறது.

இதைப் போர்க்களத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ‘சிவப்பு எங்கே?’ என்பது எளிய தேடல். ‘சிவப்பு வாள்வீரர்களும் நீல வில்லாளரும் கலந்து நிற்கும் கூட்டத்தில் சிவப்பு வில்லாளர் எங்கே?’ என்பது கடிய தேடல். வடிவமைப்பாளர் கையிலிருப்பதோ ஒரே ஒரு விரைவான வழி. அதை எந்த வினாவுக்குக் கொடுப்பது? ‘யாருடையது’ என்பதற்கா, ‘எது’ என்பதற்கா?

டாலஸ் கண்ட வழி

என்செம்பிள் ‘யாருடையது’ என்பதற்கே நிறத்தைக் கொடுத்தது. அதற்கு முன்னும் இவ்வழக்கம் உண்டு. 1992இல் வெளிவந்த ‘டியூன் 2’ விளையாட்டில் மூன்று குலங்களும் நீலம், சிவப்பு, பச்சை என்றே பிரிந்து நின்றன. ஆயினும் டாலஸ் குழுவினர் அதை நிறைவேற்றிய முறை நுணுகி நோக்கத்தக்கது.

அன்றைய கணினித்திரைக்கு ஏற்ப அவ்விளையாட்டின் வண்ணத்தட்டில் இருந்தவை 256 நிறங்களே. உருவங்கள் முதலில் முப்பரிமாணத்தில் வடிக்கப்பட்டு, பின்னர்த் தட்டைப் படங்களாக்கப்பட்டன. ஒரு குதிரைவீரனின் படத்தில் குதிரையின் தோல், இரும்புக் கவசம், மனித முகம் ஆகியவை மாறா நிறத்தன. குதிரைமேல் விரிந்த துணியும் கேடயமும் மட்டும் ‘உடையவர் நிறம்’ என்று குறிக்கப்பட்ட வெற்றிடங்கள். திரையில் வரையும்போது அவ்விடங்களில் அந்தந்த ஆட்டக்காரருக்குரிய நிறச்சாயல்கள் வந்து அமரும். ஆகவே எட்டு நிறப் படைகளுக்கும் ஒரே படமே போதுமானதாயிற்று. உழவனுக்கு மேலாடை, கப்பலுக்குப் பாய், கோட்டைக்குக் கொடி என்று ஒவ்வொன்றிலும் அவ்விடம் வேறு. ஆனால் ஒவ்வொன்றிலும் அது உண்டு.

எட்டு நிறங்கள் வருமாறு: நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலமும் பச்சையும் கலந்த நிறம், ஊதா, சாம்பல், செம்மஞ்சள். கருமையும் வெண்மையும் பழுப்பும் இப்பட்டியலில் இல்லை என்பது கருதத்தக்கது. அவற்றை உலகம் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது என்று இதற்குக் காரணம் கற்பிக்கலாம். இன்னும் கண்டறியப்படாத நிலம் கருமை, மண்ணும் மரத்தூரும் பழுப்பு, பனி வெண்மை. புல்வெளிமேல் பச்சைப் படையும் மணல்மேல் மஞ்சள் படையும் நின்றாலும் அவை மறையாமைக்குக் காரணம் செறிவு. நிலத்தின் நிறங்கள் அடங்கியவை, ஆட்டக்காரர் நிறங்கள் கூசச் செய்யுமளவு செறிந்தவை. இயற்கையழகை விரும்புவோர்க்கு அந்தப் பளீரென்ற நீலம் உறுத்தலாம். உறுத்துவதே அதன் வேலை.

‘எது’ என்பது புறவடிவத்திடம் விடப்பட்டது. வில்லாளன் கையை நீட்டி நிற்பான். ஈட்டிவீரனின் நெடிய ஈட்டி தலைக்கு மேல் எழும். குதிரைக்கு நான்கு கால். நிழற்படமாக்கினாலும் இவை வேறுபட வேண்டும். ‘எப்போது கண்டது’ என்ற மூன்றாம் வினா ஒன்றும் உண்டு. ஒருமுறை கண்டு, இப்போது நம் ஆள் யாரும் பார்த்துக்கொண்டிராத நிலம் மங்கித் தோன்றும். பார்வைக்குள் இருப்பது ஒளியுடன் தோன்றும். போர் மூடுபனி என்று அதற்குப் பெயர். இதற்கு நிறத்தையும் தொடவில்லை, வடிவத்தையும் தொடவில்லை. ஒளிர்வை மட்டும் எடுத்துக்கொண்டனர். ஒரு செய்திக்கு ஒரு வழி, ஒரு வழியில் ஒரே செய்தி. இவ்விளையாட்டு ஒரு தலைமுறையைக் கடந்தும் ஆடப்படுவதற்கு இந்த ஒழுங்கும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஒழுங்கு முறியும் இடங்களும் இருந்தன. மரத்துக்கோ கட்டடத்துக்கோ பின்னால் செல்லும் வீரன் மறைந்துபோவான். அதற்கு மாற்றாக, மறைப்பின் மேலேயே அவனுடைய உருவரை மட்டும் ஆட்டக்காரர் நிறத்தில் கோடாகக் காட்டப்பட்டது. முன்சொன்ன ‘சிவப்பு வில்லாளர்’ என்னும் கடிய தேடலுக்குக் கண்ணால் தீர்வில்லை. எனவே கைக்குத் தீர்வு தந்தனர். ஒரு வில்லாளன்மேல் இருமுறை சொடுக்கினால் திரையிலுள்ள தன் வில்லாளர் அனைவரும் ஒருங்கே தெரிவுசெய்யப்படுவர்.

இந்நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2001இல் வாங்கியது. 2009 சனவரியில் அது மூடப்பட்டது. விளையாட்டோ அழியவில்லை. 2019 நவம்பரில் நுணுக்கமான புதிய ஓவியங்களோடு மறுபதிப்பு வந்தது. மரங்கள் அழகாயின, அடர்ந்தன. திறன்மிக்க ஆட்டக்காரர் பலர் செய்தது என்ன? மரங்களைச் செடியளவாகச் சிறுப்பிக்கும் மாற்றக்கோப்புகளைப் பொருத்திக்கொண்டனர். அழகைக் கண்டவர்கள் பார்வையாளர். ஆடுபவர்க்கு மரம் ஒரு மறைப்பு.

கல்லும் புளியங்கொட்டையும்

நிறத்தை ‘யாருடையது’ என்பதற்குக் கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில், ஒரிண்டா என்னும் சிற்றூரில் இயங்கிய மேக்சிஸ் நிறுவனம் 1989இல் ‘சிம்சிட்டி’யை வெளியிட்டது. நகரம் முழுதும் ஒரே ஆட்டக்காரருடையது, பகைவர் இல்லை. எனவே நிறம் விடுதலை பெற்று ‘எது’ என்பதைச் சொல்லப் போயிற்று. அவ்வரிசை விளையாட்டுகளில் குடியிருப்புக்குப் பச்சை, வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு மஞ்சள் என்பது இன்றுவரை வழக்கம்.

நம் திண்ணை ஆட்டங்களிலும் இவ்வினாக்களுக்கு விடை உண்டு. ஆடுபுலி ஆட்டத்தில் புலிக்குக் கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் ஆடும் அந்தக் களத்தில் ‘யாருடையது’, ‘எது’ ஆகிய இரண்டுக்கும் விடை ஒன்றே. புலியெல்லாம் ஒருவருடையன, ஆடெல்லாம் மற்றவருடையன. ஆதலால் ஒரே வேறுபாடு இரண்டு வேலையையும் செய்துவிடுகிறது. தாயத்தில் ஒருவர் சோழி வைத்தால் மற்றவர் வளையல் துண்டு வைப்பார். பல்லாங்குழியில் முத்துகளுக்கு உடையவரே இல்லை. எந்தப் பக்கத்துக் குழியில் கிடக்கிறதோ அந்தப் பக்கத்தாருடையது. நிறம் எங்கும் தேவைப்படவில்லை. காய்கள் சிலவாக, கைக்கெட்டும் தொலைவில் இருந்தமையால் பொருளும் இடமுமே போதுமாயின.

பனை, வேம்பு, ஆத்தி

மெய்யான போர்க்களத்தில் இப்படி விடமுடியாது. தொல்காப்பியப் புறத்திணையியல், வெட்சியை ஒட்டிய துறைகளைக் கூறுமிடத்தில், பெரும்படையினர் சூடிய மூன்று பூக்களைச் சொல்கிறது. சேரர்க்குப் பனை, பாண்டியர்க்கு வேம்பு, சோழர்க்கு ஆத்தி. பூச்சூடியதற்கான காரணத்தையும் நூற்பா மறைக்கவில்லை. பகைவேந்தரிடையே இன்னார் படையினர் என்று தெரிதல் வேண்டியே அவை சூடப்பட்டன. அழகுக்காக என்றோ மங்கலத்துக்காக என்றோ சொல்லவில்லை. டாலஸ் ஓவியர் குதிரைத்துணியில் விட்ட வெற்றிடமும் வேந்தன் படைவீரன் தலையிற் சூடிய பூவும் ஒரே தேவைக்கு எழுந்தவை.

இத்தோடு வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை முதலிய பூக்கள் போரின் வகையைக் குறித்தன. இவ்விரு தொகுதிகளையும் அடையாளப்பூ, போர்ப்பூ என்று பிரித்துப் பேசுவதுண்டு. தும்பைப் போரில் இருதிறத்தாரும் தும்பையே சூடுவர் என்பது மரபு. அப்பூ ‘யார்’ என்பதற்கு விடையன்று, ‘என்ன நடக்கிறது’ என்பதற்கு விடை. ஒருவன் தலையில் இரு செய்திகள், இரு பூக்கள். ஒரு வழியில் ஒரே செய்தி என்று மேலே சொன்ன ஒழுங்கு இங்கும் காணப்படுகிறது.

ஒரு முரண்பாட்டையும் சொல்லியாக வேண்டும். வேப்பம்பூ வெண்மை. ஆத்திப்பூ மஞ்சள் தோய்ந்த வெண்மை. பனையின் இளந்தோடும் வெண்மையே. மூவேந்தர் அடையாளங்களும் ஏறத்தாழ ஒரே நிறம்! இன்றைய வடிவமைப்பாளர் எவரும் இதற்கு ஒப்பமாட்டார். ஆனால் புறவடிவத்தை நோக்கினால் மூன்றும் முற்றிலும் வேறு. பனந்தோடு நீண்டு கூர்ந்து எழுவது; வேம்பு சிறு பூக்கள் செறிந்த கொத்து, அரத்தின் பல்போன்ற விளிம்புடைய இலை; ஆத்தியின் இலையோ இரண்டாகப் பிளவுண்டது. வாள்வீச்சுத் தொலைவில் நிற்பவனுக்கு இவ்வடிவ வேறுபாடு போதும். தொலைவிலிருந்து காண்பதற்குப் புலியும் கயலும் வில்லும் பொறித்த கொடிகள் இருந்தன. கணினித்திரையில் ஆட்டக்காரர் என்றும் தொலைவிலேயே, அதுவும் வானத்திலேயே நிற்கிறார். எந்த வேந்தனும் நிற்காத இடம் அது. அங்கிருந்து பூவும் தெரியாது, கொடியிலுள்ள புலியும் தெரியாது. அவை இரண்டும் செய்த வேலையை நிறம் ஒன்றே ஏற்க நேர்ந்தது இதனால்தான்.

அடையாளம் பயனற்றுப்போகும் ஒரு நிலையையும் நம் இலக்கியம் கண்டிருக்கிறது. நெடுங்கிள்ளி உறையூர்க் கோட்டைக்குள் அடைபட்டிருக்க, நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டிருந்தபோது கோவூர் கிழார் பாடியது புறநானூற்றின் 45ஆம் பாட்டு. உன்னோடு பொருபவன் பனை சூடியவனும் அல்லன், வேம்பு சூடியவனும் அல்லன். உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று புலவர் வாதிடுகிறார். இப்பாட்டைக் குடிப்பெருமை பற்றியதாக மட்டும் படிப்பது வழக்கம். களத்தில் நின்று படித்தால், தமர் யார் பிறர் யார் என்று தெரிய முடியாத ஒரு போரைப் பற்றிய எச்சரிக்கையாகவும் அது அமைகிறது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’இல் ஆட்டம் தொடங்குமுன் இருவர் ஒரே எண்ணையும் அதற்குரிய நிறத்தையும் தெரிவுசெய்தால் அவர்கள் பகைவராக ஆட முடியாது. இருவரும் ஒரே அரசைக் கூட்டாக ஆளுமாறு விளையாட்டு அமைத்துவிடுகிறது. ஒரே கண்ணி சூடியவர் ஒரே குடியினர் என்ற புலவர் வாதம் அங்கு விதியாகவே இருக்கிறது.

தமிழ்ப்படை திரைக்கு வந்தபோது

2022 ஏப்ரலில் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற விரிவாக்கம் வெளிவந்தது. அதில் திராவிடர் என்ற பெயரில் தென்னாட்டு அரசு ஒன்றும், முதலாம் இராசேந்திர சோழனை மையமாகக் கொண்ட போர்த்தொடரும் இடம்பெற்றன. சுருள்வாளாகிய உருமி ஏந்திய வீரனும் திரிசடை என்னும் கப்பலும் அவ்வரசுக்கே உரியவை. வீரர்கள் தமிழில் மறுமொழி கூறுகின்றனர்.

ஆனால் நிறம்? சோழர்க்கெனத் தனிநிறம் எதுவும் இல்லை. திராவிடரைத் தெரிவுசெய்பவர் எட்டு நிறங்களுள் எதையும் பெறலாம். அதே ஆட்டத்தில் எதிரியாக நிற்கும் மற்றொரு திராவிட அரசு வேறொன்றைப் பெறும். இதைக் குறையாகக் கருதுவோர் உளர். புலிக்கொடிக்குரிய நிறத்தைச் சோழர்க்கு நிலையாக வழங்கியிருக்கலாம் என்பர். அவ்வாறு வழங்கியிருந்தால், சோழரும் சோழரும் மோதும் ஆட்டம் உறையூர் முற்றுகையாகிவிடும். நிறம் பண்பாட்டைச் சொல்லத் தொடங்கினால் உடைமையைச் சொல்ல இயலாது. ஆதலால் பண்பாடு வடிவத்துக்கும் ஒலிக்கும் சென்றது. கட்டடத்தின் அமைப்பைக் கண்டும் வீரனின் குரலைக் கேட்டும் தென்னாடு என்று அறிகிறோம். நிறத்தைக் கண்டு யாருடையது என்று மட்டும் அறிகிறோம். இப்பங்கீடு சரியானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

உருமி வீரன் இதற்கு நல்ல சான்று. மெய்யான உருமி நெகிழ்ந்து வளையும் மெல்லிய தகடு. வானிலிருந்து நோக்கினால் மயிரிழை அளவும் தோன்றாது. இவ்வீரனின் சிறப்புத் தாக்குதல் தேங்கித் தேங்கிப் பெருகுவது. ஒருமுறை வீசியபின் மீண்டும் நிரம்ப நேரம் ஆகும். நிரம்பிவிட்டதா என்பதை வாளைப் பார்த்து அறிய வழியில்லை. எனவே அவனது உயிர்ப்பட்டையின் அருகே மற்றொரு சிறு பட்டை சேர்க்கப்பட்டது. படைக்கலத்தின் மெய்த்தோற்றம் ஒன்று சொல்ல, ஆட்டத்தின் தேவை வேறொன்று கேட்க, தேவையே வென்றது.

எட்டு நிறங்களுக்குத் தமிழ்ப்பெயர்

மறுபதிப்பின் இடைமுகம் இந்தியில் கிடைக்கிறது, தமிழில் இல்லை. ஒருநாள் வருமாயின் முதலில் இடறும் இடம் நிறப்பெயர்களாகவே இருக்கும். அணியாக ஆடும்போது ஒருவரையொருவர் நிறத்தாலேயே அழைப்பது வழக்கம். அமெரிக்காவில் வார இறுதித் தமிழ்ப்பள்ளி முடித்து வீடு திரும்பும் பிள்ளைகள், ‘டீல் வர்றான், ஆரஞ்ச அடி’ என்று ஆடுவதைக் கேட்டிருக்கிறேன். வினைச்சொல் தமிழில் இருக்கிறது. நிறம் மட்டும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது.

பெர்க்லியில் பணியாற்றிய பிரென்ட் பெர்லினும் பால் கேயும் 1969இல் வெளியிட்ட நூலில், மொழிகளில் அடிப்படை நிறச்சொற்கள் பதினொன்றுக்கு மிகா என்றும், கருமை வெண்மைக்குப் பின் செம்மை, அதன்பின் பச்சையும் மஞ்சளும், பின்னர் நீலம் என்ற வரிசையில் அவை தோன்றும் என்றும் வாதிட்டனர். விளையாட்டின் எட்டு நிறங்களுள் ஏழு அந்தப் பதினொன்றில் அடங்கும். நீலப்பச்சை மட்டும் அடங்காது. தமிழிலும் அதற்கு ஒருசொல் இல்லை என்று தோன்றும். ஆனால் பட்டுக்கடைக்குச் சென்றால் ‘மயில்கழுத்து’ என்று உடனே எடுத்துப் போடுவார்கள். ஊதாவிலும் இடர் உண்டு. சிலர் அதை நீலத்தின் ஒரு வகையாக வழங்குவர், சிலர் கத்தரிப்பூ நிறம் என்பர். கடைக்காரரிடம் கத்தரிப்பூ என்றால் குழப்பமில்லை. செம்மஞ்சளுக்குக் காவி நெருங்கி வரும். நெசவாளரும் வணிகரும் காத்துவந்த இச்சொற்களைக் கலைச்சொல்லாக்கம் செய்வோர் ஏனோ நாடுவதில்லை.

நிறத்தைக் கண்ணால் பிரிப்பதில் இடர்ப்படுவோரையும் கருத வேண்டும். சிவப்பும் பச்சையும் மயங்கும் பார்வை, ஐரோப்பிய வழியினரான ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர்க்கு உண்டு. இவ்விளையாட்டின் இரண்டாம் மூன்றாம் நிறங்களோ சிவப்பும் பச்சையும்தாம். தான் நீலம், நட்பு மஞ்சள், பகை சிவப்பு என்று எட்டையும் மூன்றாகக் குறுக்கும் வசதி விளையாட்டில் உண்டு. அதைப் பயன்படுத்துவோர் நிறப்பெயரால் அழைக்க முடியாது. தோழனின் திரையில் பச்சையாயிருப்பது இவர் திரையில் சிவப்பு. எனவே அவர்கள் எண்ணால் அழைக்கின்றனர்.

எஞ்சியோர்க்கு நிறப்பெயர் வேண்டும். கூச்சலுக்கிடையே காதில் விழ, சொல் குறுகியதாகவும் முதலெழுத்தாலேயே வேறுபடுவதாகவும் இருப்பது நன்று. நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள், மயில், கத்தரி, சாம்பல், காவி என்று வைத்துப் பார்த்தேன். மஞ்சளும் மயிலும் மகரத்தில் மோதுகின்றன. கத்தரியும் காவியும் ககரத்தில். மஞ்சளைப் பொன் என்றால் பச்சையோடு மோதும். ஆங்கிலத்தில் கிரீனும் கிரேயும் இப்படித்தான் மோதுகின்றன, ஆடுவோர் சமாளித்துக்கொள்கின்றனர். கத்தரியை ஊதாவாகவே விட்டுவிட்டு, மஞ்சள் மயில் மோதலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது இப்போதைக்கு என் முடிவு. ‘மயில் வடக்கே இறங்குது’ என்று கேட்டவுடன் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் ஐயமிராது.